பூசணிக்காய்க் கோடு

அந்தக் கணினிப் பத்திரிகையில், உலகத்தில் இதுவரை யாரும் கண்ணால் பார்க்காத ஒரு டேப்லட்டுக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். அரை நட்சத்திரத்தை ஏன் குறைத்தீர்கள் என்று ஒரு வாசகர் தொலைபேசியில் கேட்டார். "வெயில்ல வெச்சுப் பார்த்தா திரை சரியாத் தெரியலைங்க. வாசகர்கள்கிட்ட நாங்க எதையும் மறைக்கறதில்லை" என்று பதில் கிடைத்தது. வாசகர் திருப்தியோடு சந்தாவைப் புதுப்பித்துக்கொண்டார்.

டேப்லட் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கொண்டுவரப் போவதாகச் சொல்லப்பட்ட கம்பெனிகள் இரண்டு. ஒன்றின் சின்னம் குடை. இன்னொன்றின் சின்னம் சேவல். குடைக்காரர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சேவல்காரர்களும் பேசவில்லை. இரண்டு பெரிய கம்பெனிகள் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று பத்திரிகை எழுதியது. அந்த 'ஏதோ'வை வைத்தே இதழ் மேல் இதழாக வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பத்திரிகை ஆபீஸ் ஒரு நீளமான கூடம். நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் எதிர்பார்ப்புப் பிரிவு. டேப்லட் வந்தால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் எப்படி அடியோடு மாறிவிடும் என்று எழுதுவது அதன் வேலை. அந்தப் பக்கம் சந்தேகப் பிரிவு. அதே டேப்லட் ஏன் உருப்படாது என்று எழுதுவது அதன் வேலை. இரண்டுக்கும் சமமாக எட்டெட்டுப் பக்கம். பிரிவுத் தலைவர்கள் இருவரையும் ஆபீஸில் எதிர்பார்ப்பு, சந்தேகம் என்றே கூப்பிட்டார்கள். இருவருக்கும் சொந்தப் பெயர் இருந்தது. சம்பள நாளன்று மட்டும் அது உபயோகப்பட்டது. எதிர்பார்ப்பு எழுதி முடிக்கும்வரை சந்தேகம் பொறுமையாக டீ குடிப்பார். பிறகு அந்தப் பிரதியை வாங்கி, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். நடுநிலை தவறாத பத்திரிகை என்று ஊரில் பெயர்.

தினமும் காலையில் வதந்திக் கூட்டம் நடக்கும். முந்தின நாள் வந்த வதந்திகளை அதில் தரம் பிரிப்பார்கள். கம்பெனிக் காவலாளியின் மச்சான் சொன்னால் முதல் தரம். லிஃப்டில் யாரோ யாரிடமோ பேசியது காதில் விழுந்தால் இரண்டாம் தரம். போன மாதம் நாமே எழுதியது ஊரெல்லாம் சுற்றி நமக்கே திரும்பி வந்தால் அது 'பல வட்டாரங்கள் உறுதி செய்தது'. கம்பெனி மறுத்தால் விஷயம் உண்மை. மறுக்காவிட்டால் ரொம்ப உண்மை.

இந்தக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர் புகைப்படக்காரர். மௌஸ், சார்ஜர், ஸ்பீக்கர் இவற்றை வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுப்பது அவர் வேலை. இருக்கிற பொருளைக் கையாண்டு பழகியவர் என்பதால் அந்த ஆபீஸில் அவருக்குப் பெரிய மதிப்பு கிடையாது. எட்டு வருடமாகத் தற்காலிகம். "அடுத்த காலாண்டு உன்னை நிரந்தரம் ஆக்கிடறேன்யா" என்று ஆசிரியர் ஒவ்வொரு காலாண்டும் தவறாமல் சொல்லிவந்தார். சொன்ன சொல் மாறாத மனிதர்.

அந்த நிரந்தரத்துக்காகப் புகைப்படக்காரரை விட அதிகமாகக் காத்திருந்தது அவர் மனைவி. வேலை நிரந்தரமானால்தான் வங்கி கடன் கொடுக்கும். கடன் கிடைத்தால்தான் தனி வீடு. இப்போது இருப்பது அவர் அண்ணன் வீட்டு மாடியறை. சமையலறை கீழே, பொது. காலையில் அண்ணி சமைத்து முடித்து, அடுப்பைத் துடைத்து, துடைத்த அடுப்பைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்து ரசித்துவிட்டுப் போன பிறகுதான் இவள் உள்ளே நுழைய முடியும். அதற்குள் இவளுடைய உப்பு இடம் மாறியிருக்கும், கரண்டி காணாமல் போயிருக்கும். அதனால் காய் நறுக்கும் பலகையை மட்டும் கீழே விடாமல், மாடியறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தாள்.

"உங்க நிரந்தரமும் அந்த டேப்லட்டும் ஒரே வண்டியில ஏறியிருக்குங்க" என்பாள். "வருது வருதுங்கறாங்க. வண்டியைத்தான் காணோம்."

"இந்தத் தடவை அவர் பேச்சுல ஒரு உறுதி தெரிஞ்சுதும்மா."

"எந்தத் தரம்? முதல் தரமா, ரெண்டாம் தரமா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு முகம் வாடிப்போகும். அதைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்த மாதம் இதழ் அச்சுக்குப் போகும் சமயத்தில் ஆசிரியர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆசிரியர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"போட்டிப் பத்திரிகைக்காரன் அட்டையில படம் போடப் போறானாம்யா. முதல் தர வதந்தி."

"என்ன படம் சார்?"

"டேப்லட் படம்."

"டேப்லட்டே இன்னும் வரலையே சார்."

"வந்த பொருளைப் படம் எடுக்க நீ எதுக்கு? தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் எடுப்பானே. வராததை எடுக்கத்தான் உனக்குச் சம்பளம்." ஆசிரியர் குரலைத் தணித்தார். "நாளைக்குள்ள எனக்குப் படம் வேணும். கொண்டுவந்தேன்னா அடுத்த காலாண்டு நீ நிரந்தரம். என் நாற்காலி மேல சத்தியம்."

இதுவரை ஆசிரியர் நாற்காலி மேல் சத்தியம் செய்ததில்லை. பொய்ப்படம் எடுக்கப் புகைப்படக்காரருக்கு மனம் வரவில்லை. நிரந்தரத்தைக் கைவிடவும் மனம் வரவில்லை. ஒரு வழி தோன்றியது. வெளிச்சம் இப்படி விழவேண்டும், கோணம் இப்படி இருக்கவேண்டும் என்று ஒரு மாதிரிப் படம் எடுத்துக் காட்டுவோம். அதைப் பார்த்து ஓவியர் யாராவது வரைந்து கொடுக்கட்டும். வரைந்த படம் என்று கீழே போட்டுவிட்டால் யாரும் ஏமாறப் போவதில்லை.

மறுநாள் காலை மனைவி தன் முறை வந்து சமைத்துவிட்டு, பலகையைக் கழுவிச் சமையலறை ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தாள். கருமையான கெட்டி மரம். வருடக்கணக்காக எண்ணெய்க் கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. மூலைகள் கையைக் கீறுகின்றன என்று இவர்தான் ஒரு தடவை நாலையும் உப்புத்தாள் போட்டு உருட்டிக் கொடுத்திருந்தார். மேலே நடுவில் ஆணியில் மாட்ட ஒரு துளை. கீழே இடது பக்கம் சாய்வாக ஒரு வெட்டு. இடது கைப் பழக்கமுள்ள மனைவி ஒரு பெரிய பூசணிக்காயோடு மல்லுக்கட்டிய அன்று கத்தி வழுக்கி விழுந்த வெட்டு அது. ஈரப் பலகையின் மேல் ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அது கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னியது.

புகைப்படக்காரர் கேமராவை எடுத்தார். விரல் பொத்தானை அழுத்தும் நேரத்தில் அண்ணி முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

"நகருங்க தம்பி, பால் பொங்குது!"

கை ஆடிப் படம் கலங்கிவிட்டது. இரண்டாவது எடுப்பதற்குள் அண்ணி பலகையைப் படுக்கப் போட்டு, அதன் மேல் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டாள். இருக்கிற ஒரே படத்தோடு அவர் ஆபீஸுக்குப் போனார்.

ஆசிரியர் படத்தைப் பார்த்தார். மேஜை விளக்கைப் போட்டுப் பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார்.

"சார், இது வந்து மாதிரிக்காக, எங்க வீட்டு..."

"சொல்லாதே!" ஆசிரியர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "எங்கேர்ந்து கிடைச்சுதுன்னு என்கிட்டகூடச் சொல்லாதே. தகவல் கொடுத்தவரைக் காப்பாத்தறது பத்திரிகை தர்மம்யா. நாளைக்குக் கோர்ட்டுல கேட்டாக்கூட எனக்குத் தெரியாதுன்னு நான் உண்மையைச் சொல்லணும்."

"இல்ல சார், இது தகவலே இல்ல. இது ஒரு சாதாரண..."

"கலங்கியிருக்கு பாரு!" என்று ஆசிரியர் நெகிழ்ந்துபோனார். "உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு எடுத்தாத்தான் இப்படிக் கலங்கும். தெளிவா இருந்தா எவன் நம்புவான்?"

அட்டையில் படம் வந்தது. எதிர்பார்ப்புப் பிரிவு எட்டுப் பக்கம் எழுதியது. மேலே இருக்கும் துளை, உலகத்தைப் பார்க்கும் ஒரு புதிய கண். இடது பக்கச் சாய்வுக் கோடு, விரலால் வருடியதும் மனிதனின் மனநிலையைப் புரிந்துகொள்ளும் உணர்கோடு. மேலே தெரியும் நீர்த்துளிகளிலிருந்து இதை மழையிலும் உபயோகிக்கலாம் என்று தெரிகிறது. சந்தேகப் பிரிவு தன் எட்டுப் பக்கத்தில் விடவில்லை. துளை இவ்வளவு பெரிதாக இருந்தால் தூசி போகாதா? கோடு இடது பக்கம் மட்டும் இருப்பது வலது கைக்காரர்களை அவமதிப்பது ஆகாதா?

குடைக் கம்பெனியின் செய்தித் தொடர்பாளர் அன்று மாலையே அறிக்கை விட்டார். "வதந்திகளைப் பற்றி நாங்கள் கருத்துச் சொல்வதில்லை. இந்தப் படத்தைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தாலும் தெரியாது." சேவல் கம்பெனி சும்மா இருக்குமா? "குடைக்காரர்கள் நேற்று சொல்லாமல் விட்ட கருத்தை, அவர்களுக்கு வெகு நாட்கள் முன்பே நாங்கள் சொல்லாமல் விட்டுவிட்டோம்" என்று அது மறுநாள் காலை அறிவித்தது.

கடைகளில் கணினி விற்பனை படுத்துவிட்டது. வாங்கப் போனவர்களைக் கடைக்காரர்களே திருப்பி அனுப்பினார்கள். "இப்ப வாங்கினா ஏமாந்துடுவீங்க சார். துளை வெச்சது வருது." துளை இல்லாத கணினி வைத்திருந்தவர்கள் அதை விருந்தாளிகள் கண்ணில் படாமல் துணி போட்டு மூடினார்கள். எந்த நாளில் வரும், எந்தக் கடையில் வரும் என்று தெரியாமலே வரிசைகள் உருவாயின. அண்ணி ஒரு வரிசையில் போய் நின்றாள். அண்ணன் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு வரிசையில் நின்றார்.

புகைப்படக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையை யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. எதிர்பார்ப்பைத் தனியாகப் பிடித்தார்.

"அண்ணே, அந்தப் படத்துல இருக்கறது எங்க வீட்ல இருக்குண்ணே."

எதிர்பார்ப்பின் கையிலிருந்த டீ தளும்பியது. "வீட்லயேவா? உபயோகப்படுத்திப் பார்த்தியா?"

"கல்யாணமான நாள்லேர்ந்து உபயோகத்துல இருக்குண்ணே."

"இத்தனை வருஷமாவா! பேட்டரி?"

"பேட்டரியெல்லாம் அதுல கிடையாதுண்ணே. அது வெறும் மரம்..."

எதிர்பார்ப்பு அதற்குள் ஓடிவிட்டார். பேட்டரியே தேவைப்படாத டேப்லட், வருடக்கணக்காக ஒரு சாதாரணக் குடும்பத்தில் ரகசியமாகச் சோதிக்கப்பட்டு வருவதாக அடுத்த இதழில் வந்தது. இயற்கைப் பொருளால் ஆன உடம்பு என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.

சந்தேகமாவது நம்புவார் என்று அவரிடம் போனார். "சார், அதைத் தினமும் நாங்க தேய்ச்சுக் கழுவறோம் சார்."

"தினமுமா?" சந்தேகம் கண்ணைச் சுருக்கினார். 'தினமும் தேய்த்துக் கழுவ வேண்டிய ஒரு டேப்லட் நமக்குத் தேவையா?' என்று அதே இதழில் அவர் தலையங்கம் வந்தது.

சொல்லச் சொல்ல அது பெரிதாகிக்கொண்டே போனதால், புகைப்படக்காரர் சொல்வதை நிறுத்திவிட்டார். காலாண்டு முடிந்தது. நாற்காலி மேல் செய்த சத்தியத்தை அவர் நினைவுபடுத்தியபோது, ஆசிரியர் பழைய நாற்காலியை மாற்றி மெத்தை வைத்த புது நாற்காலி வாங்கியிருந்தார்.

ஒரு வருடம் கழித்து இரண்டு கம்பெனிகளும் ஒரே நாளில், ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த கூடங்களில் டேப்லட்டை வெளியிட்டன. நடுவில் மடக்குத் தடுப்பு. ஒரு பக்கம் கைதட்டினால் மறுபக்கம் அதைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். புகைப்படக்காரர் நடுக்கதவில் நின்று இரண்டு பக்கமும் படம் எடுத்தார்.

குடைக் கம்பெனித் தலைவர் மேடை ஏறினார். அவர் தலைக்கு மேல் வீட்டுக் கூரை அளவுக்கு டேப்லட்டின் படம். கறுப்பு. உருண்ட மூலைகள். மேலே துளை.

"நாங்க யாரையும் பார்த்துக் காப்பியடிக்கறவங்க இல்லை" என்று அவர் நெஞ்சில் கை வைத்தார். "உண்மையைச் சொன்னா, இப்படி ஒரு பொருள் செய்யணும்னு நாங்க நினைச்சதுகூட இல்லை. ஒரு பத்திரிகையில படம் வந்தது. சேவல்காரங்க செஞ்சு முடிச்சுட்டாங்கன்னு நினைச்சோம். அந்த நிமிஷமே, இது எங்களோட நீண்ட நாள் கனவுன்னு எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு."

கைதட்டல்.

"இந்தத் துளை எதுக்குன்னு எங்க பொறியாளர்களைக் கேட்டேன். யாருக்கும் தெரியலை. எடுத்துடலாமான்னு கேட்டாங்க. எதுக்குன்னு தெரியாத ஒண்ணை எடுக்கற தைரியம் எங்க கம்பெனியில யாருக்கும் இல்லைன்னு பெருமையோட சொல்லிக்கறேன். துளையை அப்படியே வெச்சுக்கிட்டு, மத்ததை எல்லாம் அதைச் சுத்தி வடிவமைச்சோம்."

எழுந்து நின்று கைதட்டினார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் சேவல் கம்பெனித் தலைவரும் ஏறக்குறைய இதையேதான் பேசிக்கொண்டிருந்தார். குடைக்காரர்கள் முந்திவிட்டதாக நினைத்துத்தான் அவர்களும் ஆரம்பித்தார்களாம். அவர்கள் துளை ஒரு சுற்றுப் பெரிது.

"இப்ப இந்தக் கோடு" என்று குடைத் தலைவர் குரலைத் தாழ்த்தினார். திரையில் கீழ் இடது பக்கம் ஒரு சாய்வு வெட்டு பளிச்சிட்டது. "இந்தச் சாய்வைக் கொண்டுவர ஒரு தனி ஆராய்ச்சிக்கூடமே கட்டினோம். எத்தனையோ இளைஞர்கள் தூக்கத்தைத் தொலைச்சாங்க. இதுக்குப் பின்னால எவ்வளவு ஆழமான சிந்தனை இருக்குன்னு உங்களால உணர முடியும்."

புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிட்டு மனைவிக்குப் போன் செய்தார்.

"நம்ம பூசணிக்காய்க் கோடு இங்க மேடையில இருக்கு."

"எந்தப் பூசணிக்காய்? யாரு வாங்கினது?"

முன்வரிசையில் ஒரு கிழவர் அந்தக் கோட்டைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு டேப்லட்டும் ஒரே அச்சில் இருந்தால் வழக்கு வராமல் இருக்குமா? குடைக்காரர்கள் சேவல்காரர்களைத் திருடர்கள் என்றார்கள். சேவல்காரர்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள். பத்திரிகை படம் பிடித்தது யாருடைய பொருளை என்று தெரிந்தால் தீர்ந்தது: அவர்கள் அசல், மற்றவர்கள் திருடர்கள். இரு தரப்பு வக்கீல்களும் ஆளுக்கொரு டேப்லட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். புகைப்படக்காரர் கூப்பிடப்பட்டார்.

ஆசிரியர் அவரைக் கதவோரம் இழுத்துக் காதில் சொன்னார். "குடைன்னு சொன்னா சேவல் விளம்பரம் போயிடும். சேவல்னு சொன்னா குடை விளம்பரம் போயிடும். யோசிச்சுப் பதில் சொல்லு. உன் நிரந்தரமே இதுலதான் இருக்கு."

யோசிக்க அவரிடம் ஒன்றுமில்லை. உள்ளே போனதும் சொல்லிவிட்டார். "ரெண்டு பேருதும் இல்லைங்க. அது எங்க வீட்ல காய் நறுக்கற பலகை."

இந்தத் தடவை காதைப் பொத்த ஆசிரியருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"விளையாடறீங்களா?" என்றார் குடை வக்கீல்.

"யார் காதுல பூ சுத்தறீங்க?" என்றார் சேவல் வக்கீல். இரண்டு பேரும் ஒரே பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை.

"வேணும்னா கொண்டுவரச் சொல்றேங்க."

மனைவி ஒரு துணிப்பையில் பலகையை எடுத்துக்கொண்டு வந்தாள். பாதிச் சமையலில் வந்திருந்ததால் அதில் ஒரு வெங்காயத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. வக்கீல்கள் தங்கள் டேப்லட்டுகளைப் பலகையின் இரு பக்கமும் வைத்தார்கள். மூலைக்கு மூலை பொருந்தியது. துளைக்குத் துளை பொருந்தியது. கோட்டை மட்டும் சேவல்காரர்கள் கொஞ்சம் நீட்டியிருந்தார்கள்.

"இது ஏன் இங்க வரைக்கும் போகுது?" என்று மனைவி அதைத் தொட்டுப் பார்த்தாள். "என் கத்தி இங்கயே நின்னுடுச்சே."

வக்கீல்கள் இருவரும் ஜன்னலோரம் போய்த் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். விஷயம் வெளியே போனால் வாங்கினவர்கள் எல்லாம் கடைக்கு ஓடி வருவார்கள். கோட்டைப் பார்த்து அழுத கிழவர் முதல் ஆளாக வருவார். திரும்பி வந்தபோது இருவரும் தோளில் கை போட்டிருந்தார்கள்.

"நாங்க தீர விசாரிச்சுட்டோம்" என்றார் குடை வக்கீல். "இப்படி ஒரு பலகை கிடையாது."

மனைவி மேஜையைப் பார்த்தாள். பலகை அங்கேயேதான் இருந்தது. "அப்ப இது என்னங்க?"

"இது வதந்திம்மா."

"மூணாம் தரம்" என்று ஆசிரியர் பழக்கதோஷத்தில் சொன்னார்.

"ரெண்டு கம்பெனியும் தனித்தனியா, சொந்தமா, ஒரே மாதிரி சிந்திச்சிருக்கு. சிறந்த மூளைகள் அப்படித்தான் வேலை செய்யும்" என்றார் சேவல் வக்கீல். "நீங்க இந்தப் பலகையைப் பத்தி வெளியில மூச்சு விடாம இருந்தா போதும். ஆளுக்கொரு டேப்லட் தர்றோம்."

"எங்க வீட்ல ஏற்கெனவே ரெண்டு இருக்குங்க. இவரு அண்ணனும் அண்ணியும் வரிசையில நின்னு வாங்கிட்டாங்க. எதுக்குன்னு இன்னும் தெரியலை, ஆணியில மாட்டி வெச்சிருக்காங்க." மனைவி பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இவரு நிரந்தரம் ஆகப்போறாருங்கற வதந்தி ஒம்போது வருஷமா நடக்குது. அதை நீங்க உண்மையாக்குங்க. இந்தப் பலகை உண்மை. இதை நான் வதந்தியாக்கிடறேன்."

ஆசிரியர் புன்னகை செய்தார். "தாராளமாம்மா. அடுத்த காலாண்டு..."

"ஏங்க" என்று மனைவி கணவர் பக்கம் திரும்பிப் பலகையைப் பையில் போட்டாள். "அந்தப் போட்டிப் பத்திரிகை ஆபீஸ் எந்தத் தெருவுலன்னு சொன்னீங்க?"

குடை வக்கீல் ஆசிரியரைப் பார்த்தார். சேவல் வக்கீல் ஆசிரியரைப் பார்த்தார். ஒன்பது வருடமாக வராத உத்தரவு, டீ ஆறுவதற்குள் அச்சாகி, கையெழுத்தாகி, முத்திரை குத்தி வந்துவிட்டது. முத்திரையை அழுத்த ஆசிரியருக்கு இரண்டு வக்கீல்களும் உதவி செய்தார்கள். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது புகைப்படக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. தன்னால் ஆகாததை ஒரு பூசணிக்காய் வெட்டு செய்துவிட்டதே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. மனைவியை நினைத்தால் பெருமையாக இருந்தது.

அந்த மாத இதழில் எதிர்பார்ப்புப் பிரிவு, வரப்போகும் இரண்டு துளை டேப்லட்டைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியது. சந்தேகப் பிரிவின் எட்டுப் பக்கத்துக்கு 'மரப்பலகைக் கட்டுக்கதை' என்று தலைப்பு. இப்படி ஒரு பலகை இருக்க முடியாது என்பதற்கு அதில் அறிவியல் காரணங்கள் தரப்பட்டிருந்தன. இவ்வளவு வழவழப்பு மரத்தில் சாத்தியமே இல்லை என்று ஒரு பேராசிரியர் படத்தோடு சொல்லியிருந்தார்.

வங்கி கடன் கொடுத்தது. வீடு சின்னதுதான். ஆனால் சமையலறையில் ஜன்னல் இருந்தது, உப்பு வைத்த இடத்தில் இருந்தது. குடிபோன முதல் வாரம் மனைவி காரணமே இல்லாமல் நாலைந்து தடவை உள்ளே போய் அடுப்பைத் துடைத்துவிட்டு, துடைத்த அடுப்பை நின்று பார்த்துவிட்டு வந்தாள். அண்ணி ஏன் அப்படிச் செய்தாள் என்று இப்போது புரிந்தது என்றாள்.

ஒரு விடுமுறை நாளில் எதிர்பார்ப்பும் சந்தேகமும் சாப்பிட வந்தார்கள். எதிர்பார்ப்பு கூடத்தில் உட்கார்ந்து, இந்த வீடு இன்னும் சில வருடங்களில் எப்படியெல்லாம் ஆகும் என்று புகைப்படக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டுச் சமையலறைப் பக்கம் வந்த சந்தேகம் வாசலிலேயே நின்றுவிட்டார். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணியில் அது தொங்கியது. கிட்டே போனார். துளையைப் பார்த்தார். ஒரு விரலை நீட்டிக் கோட்டின் மேல் மெதுவாக ஓட்டினார். இத்தனை வருட உத்தியோகத்தில், எழுதிய ஒரு பொருளை அவர் தொட்டுப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இது..." என்றார். "இது அதுதானே?"

"எதுங்க?" என்று மனைவி அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள்.

"அந்தப் பலகை."

"அப்படி ஒரு பலகையே இல்லைன்னு நீங்கதானே எட்டுப் பக்கம் எழுதினீங்க?"

சந்தேகத்தின் விரல் இன்னும் கோட்டின் மேலேயே இருந்தது. "ஆமா" என்றார். "எழுதினேன்."

"அப்ப கையை எடுங்க" என்று மனைவி பலகையை ஆணியிலிருந்து கழற்றினாள். "வெங்காயம் நறுக்கணும்."